ஹால் லைட்: ஆன்

"லைட் எரியலன்னு நெனைக்கிறேன் சார்."

பாசில் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான். "நெனைக்கிறீங்களா? எரியுதா, எரியலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மேடம்."

"போன் ஆன்னுதான் சொல்லுது. ஆனா எரியலன்னு தோணுது."

வீட்டு லைட்டு, ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் செல்போனிலிருந்தே இயக்கும்படி செய்து கொடுக்கிற கடை அது. தில்லைநகரில் இருந்தது. மணிமேகலை என்ற இந்தப் பெண் மூன்று நாளாகப் பொழுது சாய்ந்ததும் ஸ்ரீரங்கத்திலிருந்து கூப்பிடுகிறாள். இன்றைக்கு மட்டும் இது நாலாவது தடவை. அவள் வீட்டில் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்த ஹாலித், போன வாரம் சவூதிக்கு விமானம் ஏறிவிட்டான். அவனுடைய வாடிக்கையாளர்கள் மொத்தமாக பாசில் தலையில் விழுந்திருந்தார்கள்.

பாசில் லேப்டாப்பில் அவள் கணக்கைத் திறந்தான். 'ஹால் லைட்: ஆன்' என்றிருந்தது.

"எனக்கும் இங்க ஆன்னுதான் காட்டுது. வைஃபை பெட்டியில பச்சை வருதா, சிவப்பு வருதா பாருங்க."

மறுமுனையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டு அக்கா ஊர்லேர்ந்து வந்ததும் கேட்டுச் சொல்லட்டுங்களா?"

பாசில் பல்லைக் கடித்தான். "பச்சையா சிவப்பான்னு சொல்றதுக்குப் பக்கத்து வீட்டு அக்கா எதுக்கு மேடம்? சரி, விடுங்க. நான் வீடியோ கால்ல வரேன். போனை லைட்டுக்கு நேரா காட்டுங்க."

வீடியோ காலில் திரை முழுக்கக் கறுப்பு.

"கேமரா மேல விரல் வெச்சிருக்கீங்க. எடுங்க."

"விரல் வைக்கலையே சார்."

"அப்ப போனைத் திருப்பிப் பிடிங்க."

திருப்பியும் கறுப்புதான். பாசில் காலைத் துண்டித்துவிட்டு முதலாளி மன்சூரிடம் போனான்.

"பாய், இந்த ஹாலித் பண்ணி வெச்சிருக்கிற கூத்தைப் பாருங்க. பொழுது சாஞ்சா ஹால் லைட்டு தானா எரியணும். சரி, ஊர்ல எல்லாரும் கேக்குறதுதான். எரிஞ்சதும் போன் சத்தமா 'லைட்டு போட்டாச்சு'ன்னு சொல்லணுமாம். ஆபீஸ்ல இருக்கிற அந்தம்மாவோட புருஷன் போனுக்கும் தகவல் போகணுமாம். கண்ணு முன்னாடி எரியற லைட்டுக்கு எதுக்கு பாய் இத்தனை தமுக்கு?"

"கஸ்டமர் கேட்டா போட்டுத்தானே கொடுக்கணும்? நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடு. இல்லன்னா நாளைக்கும் உன் உயிரைத்தான் எடுப்பாங்க."

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து மனைவி சம்ரீனை அவள் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போவதாக பாசில் சொல்லியிருந்தான். அவளுக்குப் போன் செய்து, "கொஞ்சம் லேட்டாகும்" என்றான். "தெரிஞ்சதுதானே" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. முன்னால் நின்ற டவுன் பஸ் புகையை நேராக அவன் முகத்தில் விட்டது. மாம்பழச்சாலையைத் தாண்டவே இருபது நிமிடம். அந்தம்மாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு ஸ்விட்சைக்கூடப் பார்த்துச் சொல்லத் தெரியாதவர்களுக்கு எதற்கு இதெல்லாம்? சுவரில் கையால் தட்டினால் எரிகிற பழைய ஸ்விட்ச் போதாதா?

அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடி. பெல்லை அழுத்தியதும் கதவு திறந்தது. உள்ளே கும்மிருட்டு. குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"கடையிலேர்ந்துங்களா? வாங்க சார், உட்காருங்க."

"எங்க மேடம் உட்கார்றது? வீடே இருண்டு கிடக்கு!" பாசிலுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "இதைப் போன்லயே பளிச்சுன்னு சொல்றதுக்கென்ன? மூணு நாளா நெனைக்கிறேன், தோணுதுன்னு... நாங்க வேற வேலை பாக்க வேண்டாமா?"

"கோவிச்சுக்காதீங்க சார். ஸ்டூல் வலது பக்கம் இருக்கு."

செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். ஸ்விட்சில் கோளாறு இல்லை. பல்புதான் ஃபியூஸ். ஸ்விட்ச் வரைக்கும் கரண்ட் வந்ததால் போன் மட்டும் விடாமல் ஆன், ஆன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பல்பை மாற்றவா இவ்வளவு தூரம்! பையிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து மாட்டினான்.

ஹால் முழுக்க வெளிச்சம் பாய்ந்தது.

ஓரத்துத் தூளியில் ஆறேழு மாதப் பெண் குழந்தை. சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு, ஈரக் கண்களை அகல விரித்து பல்பையே பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது, பாசிலைப் பார்த்தது.

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். பாலத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிவிடலாம் என்று திரும்பினான். மணிமேகலை, அவன் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்துக் கேட்டாள்:

"இப்ப எரியுதுங்களா சார்?"

பாசில் கையிலிருந்த டார்ச்சை அணைத்தான். "எ... எரியுதும்மா," என்றான்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு கடையில கேட்டோம் சார். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது, உங்களுக்கு எதுக்கு லைட்டுன்னு சிரிச்சுட்டாங்க. அதுலேர்ந்து நாங்க யார்கிட்டயும் சொல்றதில்ல."

அவள் தூளிக்குள் கைவிட்டுக் குழந்தையை அள்ளி எடுத்தாள்.

"பாப்பாவுக்கு நல்லா கண்ணு தெரியும் சார்."