குறுக்கே நிற்பவள்

பார்வையில்லாத மேகலாவின் கையில் அறிவியல் டீச்சர் வெளிச்சத்தை அளக்கும் சென்சாரைக் கொடுத்தார். "வெளிச்சம் பட்டா கத்தும். இருட்டுனா முனகும்."

செய்முறை வகுப்புகளில் கைகட்டி உட்கார்ந்தே பழகியவளுக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் நீட்டியதும் அது கத்தியது. மேசைக்கடியில் நுழைத்ததும் முனகியது. யாரோ கடந்துபோக, சத்தம் சட்டென்று தாழ்ந்தது.

"யாரு?"

"நான்தான், ரஃபீகா. என் நிழல் விழுந்துடுச்சு."

மேகலா சென்சாரை ஜன்னலைப் பார்த்து மேசைமேல் வைத்துவிட்டு, தடவித் தடவி அதன் முன்னால் போனாள். சத்தம் தாழ்ந்தது. விலகினாள், ஏறியது. மறுபடி வந்து நின்றாள்.

"ரஃபீகா, இப்போ குறுக்க யாரு நிக்கிறா?"

"யாருமில்ல, நீதான்டி."

மணி அடித்து எல்லோரும் கிளம்பினார்கள். மேகலா அந்தத் தாழ்ந்த சத்தத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.