மிக்கேலின் குதிகால்

பண்டிகை நாட்களில் மாதா கோயிலுக்குப் பதிலாளை அனுப்புவது தூத்துக்குடியில் வழக்கமாகி வெகுநாளாயிற்று. மிக்கேல் பர்னாந்தும் தன் முகமும் குரலும் கொண்ட இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவராக அவர் பெயர் விழுந்தது. பதிலாளை அனுப்பிவிட்டுக் கிரிக்கெட் பார்த்தார்.

அது ஈரக்காலோடு திரும்பி வந்தது.

"எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுதால?"

"முடிஞ்சுது ஐயா. சாமியாருக்குக் கண்ணு சரியாத் தெரியல. என் குதிகாலத் தடவித் தடவிப் பார்த்தாரு. 'மிக்கேலு, ஒன் பித்தவெடிப்பு ஆறிட்டே! நான் தினம் ஜெபிச்சது வீண்போகல'ன்னு அழுதுட்டாரு."

"நீ என்னல சொன்ன?"

"ஆமா சாமின்னேன். ஈஸ்டர் பூசையில எல்லாருக்கும் காட்டணுமாம். மறுபடி நானே போயிருதேன் ஐயா."

மிக்கேல் குனிந்து தன் குதிகாலைத் தடவிப் பார்த்தார்.

மறுநாள், பெரிய வெள்ளிக்கிழமை காலையில், மருந்துக்கடையில் செருப்பைக் கழற்றி வெடித்த குதிகாலைக் காட்டினார்.

"எத்தன வருசமா இருக்கு அண்ணாச்சி?"

"முப்பது."

"களிம்பு தாரேன். ஆற ரெண்டு மாசம் ஆவும்."

"அதெல்லாம் முடியாது தம்பி," என்றார் மிக்கேல். "மூணாம் நாளு ஆறியாகணும். இந்தத் தடவ நானே போறேன்."