மூன்றாவது குரல்

காஸ் கட்டரைப் பற்றவைக்கப் போகும் நேரத்தில் தாசையன் வேகனுக்கு முன்னால் வந்து நின்றார்.

கழக்கூட்டத்துக்கு அப்பால் அந்தக் கூட்ஸ் சைடிங்கில் மிச்சமிருந்தது அந்த ஒரு வேகன்தான். அதற்கு அடியில் இருந்த துண்டைத் தவிர மற்ற தண்டவாளத்தையெல்லாம் போன வாரமே பெயர்த்துவிட்டார்கள். அரிசி மூட்டை இறக்கிய மேடையில் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடி இடுப்பளவு மண்டிக் கிடந்தது.

தாசையன் இருபத்தைந்து வருடம் இங்கே மூட்டை சுமந்தவர். வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எழுபத்திரண்டு வயதில் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

மூன்று தடவை குரல் கொடுக்காமல் தொடக்கூடாது என்றார்.

மேற்பார்வைக்கு வந்த ஸ்ரீஜித்துக்குச் சிரிப்பு வந்தது. "பத்து வருஷமா பூட்டிக் கெடக்கு பாட்டா. உள்ள ஆரு இருக்கப் போறா? ஒண்ணு மாறி நில்லுங்க."

தாசையன் விலகவில்லை.

இது ரயில்வே போட்ட சட்டமில்லை. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. காலி வேகனுக்குள் யாராவது, சில நாள் கூட வரும் பிள்ளைகள்கூட, சாக்கை விரித்து அயர்ந்து தூங்கிப்போவது உண்டு. அதனால் கொண்டி போடுமுன் கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டும். முதல் குரலுக்கு விழிப்பு வரும். இரண்டாவதற்கு எழுந்து உட்காருவார்கள். மூன்றாவதற்குத்தான் பதில் வரும்.

கிழவரோடு மல்லுக்கட்டுவதைவிட இது லேசு என்று ஸ்ரீஜித் கையைக் காட்டினான்.

தாசையன் தட்டினார். துரு உதிர்ந்தது.

"உள்ள ஆளுண்டா?"

மறுபடியும் தட்டிக் கேட்டார்.

அதோடு நின்றுவிட்டார்.

பல வருடங்களுக்கு முன்பு, அன்றைக்கும் இரண்டோடுதான் நின்றது. மழை பிடித்துக்கொண்டது, எஞ்சின் வேறு ஊதியது. இரண்டு போதும் என்று கொண்டியைப் போட்டுவிட்டார். அந்தக் கதவை ஈரோட்டில் திறந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது.

இது அந்த வேகன் இல்லை. அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

நெற்றியைக் கதவில் வைத்தபடி மூன்றாவது தடவை மெதுவாகத் தட்டினார். ஆளுண்டா என்று கேட்கவில்லை.

"அஞ்சு, எந்திரி மக்ளே. அப்பாக்கு வேலை முடிஞ்சாச்சு. வீட்டுக்குப் போவோம்."

பதில் வருவதற்கு வேண்டிய நேரம்வரை காதைக் கதவிலேயே வைத்திருந்தார்.