அம்பு வந்தாச்சு

"உங்கம்மா இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல கம்ப்யூட்டர் உருப்படாது! திரையில எது மினுக்கினாலும் அமுக்கிடறா. பரிசு விழுந்திருக்குன்னா அமுக்கு, இலவசம்னா அமுக்கு!"

அப்பா கத்திக்கொண்டிருந்தார். அம்மா தன்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு எரிச்சலாக வந்தது. பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே பாட்டு.

"அம்மாவைத் திட்டினா வைரஸ் போயிடுமாப்பா? அதான் மெக்கானிக்கைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்ல?"

"வெளியாள் எதுக்கு? ஞாயித்துக்கிழமைதானே இன்னிக்கு? சாயங்காலம் அவன் பாத்துக்குவான்."

'அவன்' என்றால் அண்ணன். நல்ல வேலையை உதறிவிட்டு, சொந்தத் தொழில் என்று வேறு ஊருக்குக் கிளம்பினவன். "போறதுன்னா போ. இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று அப்பா சொன்னார். அவனும் ரோஷக்காரன், மிதிக்கவில்லை. பேச்சும் நின்றுபோனது. பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

ஆனால் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் மட்டும் அம்மா அவனுக்குப் போன் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அங்கே உட்கார்ந்தபடியே அவன் இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்து சரி பண்ணுவான். இங்கே யாரும் மவுஸைத் தொட வேண்டாம், திரையில் அம்பு தானாக நகரும்.

"பாவம்ப்பா அண்ணன். வாரத்துல ஒருநாள்தான் லீவு. அதையும் இந்த டப்பாவோட மல்லுக்கட்டியே தொலைக்கணுமா?"

அப்பா 'ம்க்கும்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெக்கானிக் கம்ப்யூட்டரைப் போட்டார். அது முக்கி முனகி எழுந்திருப்பதற்குள் அம்மா டீ போட்டுக் கொடுத்து, அவர் குடித்தே முடித்துவிட்டார். திரை பூரா விளம்பரம். ஒன்றை மூடினால் இரண்டு முளைத்தது.

"சுத்துற சக்கரம், ஆடுற நாய்க்குட்டி, 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது'... ஒண்ணு விடாம ஏத்தியிருக்கீங்களே! வெத்தலை பாக்கு வச்சு வைரஸைக் கூப்பிட்ட மாதிரில்ல இருக்கு?"

"நான்தான் தம்பி. தெரியாம அமுக்கிட்டேன்" என்றாள் அம்மா, யாரும் கேட்பதற்கு முன்பே.

மெக்கானிக் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நேத்து, போன வாரம், அதுக்கு முந்தின வாரம்... எல்லாமே சனிக்கிழமை சாயங்காலம்தான் ஏறியிருக்கு. ஒருத்தர் அழிக்க அழிக்க இன்னொருத்தர் ஏத்திக்கிட்டே இருக்காங்க."

மகள் நிமிர்ந்தாள். "சனிக்கிழமை சாயங்காலமா? ஏம்மா, அப்பல்லாம் நீ என் வீட்டுலதானே பேத்தியோட இருப்பே? நேத்தும் வந்தியே?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

மகள் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள்.

"கை தவறிப் பட்டிருக்கும்" என்றார் அவர்.

"வாரா வாரமா?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"பண்றதையும் பண்ணிட்டுப் பழியை அம்மா மேல போட்டீங்களா? நல்லா இருக்குப்பா நியாயம்! மெக்கானிக், பூட்டுப் போடுங்க. பாஸ்வேர்டு இல்லாம இதுக்குள்ள ஒரு துரும்பும் ஏறக்கூடாது. பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும் இருக்கட்டும்."

மெக்கானிக் குப்பையெல்லாம் துடைத்தெடுத்தார். மூடியைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த தூசியையும் தட்டினார். கம்ப்யூட்டர் சிட்டாகப் பறந்தது.

அப்பா அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் தம்பி, பூட்டுப் போட்டுட்டா அப்புறம் வைரஸே வராதா?"

"வராது ஐயா. நிம்மதியா இருக்கலாம்."

"அப்ப அவனும் வர வேண்டியிருக்காதுல்ல?"

மெக்கானிக் தூசிக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"வேலை முடிஞ்சதும் அந்த அம்பு ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போகும்" என்றார் அப்பா, திரையைப் பார்த்தபடி. "ஸ்கூலுக்குப் போறப்பவும் அப்படித்தான். வாசல்ல சைக்கிளை ஒரு வட்டம் அடிக்காம கிளம்ப மாட்டான்." திரையின் ஓரத்தை விரலால் தடவினார். "பிள்ளையைப் பாக்கணும் போல இருக்கும்மா. அம்பையாவது பாத்துக்கறேனே."

"ஒரு போன் பண்ணிப் பேச வேண்டியதுதானேப்பா?"

"நான் சொன்ன சொல் அப்படி. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

"அதுக்காக அண்ணனை ஏமாத்தலாமா? அவன் ஒண்ணும் தெரியாம வாரா வாரம் வந்து துடைச்சுக்கிட்டிருக்கான். தெரிஞ்சா என்ன நினைப்பான்?"

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. அண்ணன்தான். மெக்கானிக் வரும் விஷயத்தைக் காலையிலேயே அவனுக்கு அனுப்பியிருந்தாள்.

"மெக்கானிக் இருக்காரா? அவர்கிட்ட குடு."

மெக்கானிக்கின் கையெல்லாம் தூசி. ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தாள்.

"சார், வைரஸ் ஏறாம இருக்க ஏதாவது பூட்டுப் போட்டுட்டீங்களா?"

"இப்பதான் போட்டேன் சார். சின்ன வேலை. இத்தனை நாள் நீங்களே போட்டிருக்கலாமே, தோணலையா?"

"தோணாம என்ன சார்? அப்பாதான் ஏத்துறார்னும் எனக்குத் தெரியும்."

அப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"தயவு பண்ணி அந்தப் பூட்டை எடுத்துடுங்க சார். வாசப்படி மிதிக்காதேன்னு சொன்ன மனுஷன், வாரா வாரம் எனக்காகத் திறந்து வைக்கிற கதவு சார் அது."