நட்டநடுவே நிற்பவள்

மத்சுவே நகரில் மழை விட்ட பிற்பகல். வால்வு ஆம்ப்ளிஃபையரை மறுபடியும் போட்டு முக்கால் மணி நேரமாகிவிட்டது. கண்ணாடிக் குழல்களுக்குள் இழைகள் தணலாகக் கனிந்திருக்கின்றன, சூடேறிய தூசி மணக்கிறது. ஷிகெஹரு மண்டியிட்டு இடது ஸ்பீக்கரை இன்னும் ஒரு விரற்கடை முன்னே நகர்த்துகிறார். நாற்காலிக்கு வந்து கண்ணை மூடுகிறார். குரல் வரும் திசையை வைத்துப் பார்த்தால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவே நிற்க வேண்டிய இசைத்தட்டுப் பாடகி இப்போதும் வலப்பக்கச் சுவரோரமாகவே நின்று பாடுகிறாள். கம்பிகளை இடம் மாற்றிப் பார்த்தாயிற்று, குழல்களையும் மாற்றியாயிற்று. அவள் நகரவில்லை.

“காலையிலேர்ந்து அதைப் போட்டு இழுக்கிறீங்களே, தரைப் பாய் என்னத்துக்காகும்?” என்கிறாள் மனைவி மித்சுயோ.

“கொஞ்சம் இங்க வந்து உக்காரு. பாடுறவ எங்க நிக்கிறான்னு சொல்லு.”

முப்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நுனியில் உட்காருகிறாள்.

“இடது பக்கமா ஒதுங்கி நிக்கிறா.”

அவர் ஸ்பீக்கரைப் பழைய இடத்துக்கே தள்ளுகிறார். “இப்ப?”

“அட, நடுவுல வந்துட்டா! எனக்கு நேரா நிக்கிறா. சரியாத்தானே இருக்கு?”

ஷிகெஹரு வலது காதை உள்ளங்கையால் பொத்துகிறார். இசைத்தட்டு சுழல்கிறது, மித்சுயோவின் உதடுகள் ஏதோ கேட்கின்றன. இடது காதில் பஞ்சு அடைத்தாற்போல ஒன்றும் கேட்கவில்லை. பயமாவது வரும் என்று காத்திருக்கிறார், அதுவும் வரவில்லை. கையை எடுக்கிறார்.

“சரியாத்தான் இருக்கு,” என்கிறார். “எந்திரிக்காத. பாட்டு முடியட்டும்.”