நோயெமியின் பின்னல்

பவளப்பாறையில் மோதிய கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்த அந்த ஆண்டு, எங்கள் தீவின் மஹேபூர் கரையில் ஊரே உட்கார்ந்து கரும்புச் சோகையையும் தலைமுடியையும் சாக்கில் அடைத்துத் தைத்தது. கடலில் மிதக்கவிட்டால் முடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சலூன்காரன் கெயித்தான் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினான்.

பக்கத்து வீட்டு மார்லென் தன் மகள் நோயெமியின், நீல ரிப்பன் கட்டிய பின்னலை எடுத்துவந்தாள். இருபது வயதில் காய்ச்சலில் போனவள். அவள் போனதிலிருந்து பின்னல் பெட்டியில்தான் இருந்தது.

"இதையுமா போடப் போற? அப்புறம் அவ ஞாபகமா உங்கிட்ட என்னடி இருக்கு?" என்றேன்.

"அவ குளிச்ச கடல்டி இது. பேசாம உள்ள வச்சுத் தை."

நான்தான் தைத்தேன். எண்ணெய் குடித்த சாக்குகளையெல்லாம் பிறகு லாரியில் ஏற்றி எங்கோ கொண்டுபோனார்கள்.

கிறிஸ்துமஸ் காலையில் மார்லென் என்னைக் கூப்பிட்டாள். அவள் வாசற்படியில் அந்தப் பின்னல் கிடந்தது. அதே நீல ரிப்பன். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. ஈரமாக மட்டும் இருந்தது. கறுகறுவென்றிருந்த பின்னலில் இப்போது நாலைந்து நரைமுடி தெரிந்தது. இருந்திருந்தால் நோயெமிக்கு நாற்பதை நெருங்கியிருக்கும்.

மார்லென் அழவில்லை. பின்னலை மடியில் போட்டுத் தடவினாள்.

"பெரிய அழகின்னு நெனப்பு அவளுக்கு. நரையோட உள்ள வர மாட்டா, வெளியவே நிப்பா. ஓடிப்போய் கெயித்தான்கிட்ட டை வாங்கிட்டு வாடி."