வாலாட்டிக்கு நேரமில்லை

இந்தக் கதையை என் அறைத்தோழி சொல்லித்தான் கேட்டேன். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று அவளுக்கே நினைவில்லை.

பனிக்குப் பயந்து ஒரு வாலாட்டிக் குருவி ஆண்டுதோறும் வடக்கிலிருந்து ஒரு மலை ஓடைக்கு வரும். வந்த நாள் முதல் வாலும் நிற்காது, வாயும் நிற்காது. திரும்பிப் பறக்கத் தெம்பு வேண்டுமே என்று பூச்சி பூச்சியாகப் பிடித்து விழுங்கும்.

ஓடைப் பாறையில் குடியிருந்த தவளை கேலி செய்யும். "ஏன்டி, முழுங்கினதுல ஒண்ணாவது ருசிச்சுதா? சாரல் எவ்வளவு சுகமா அடிக்குது, இப்படிப் பக்கத்துல வந்து உட்காரேன்."

"எனக்கு ஏது அக்கா நேரம்? இது என் ஊரா என்ன? ஊருக்குப் போய் ஆற அமர உட்கார்ந்துக்கறேன்."

ஊரிலோ கூடு கட்டவும் குஞ்சுகளுக்கு இரை தேடவுமே பொழுது சரியாக இருக்கும். ஒரு வருடம் முட்டைகளை அடைகாத்திருந்தபோது, வாலாட்டிக்குத் தவளை கூப்பிட்ட குரல் திடீரென்று கேட்டது. இந்த முறை ஓடைக்குப் போனதும் முதல் வேலை அதுதான் என்று முடிவு செய்தது.

நினைத்தபடியே வந்து இறங்கியதும் நேராகப் பாறைக்குப் போனது. பாறையில் யாருமில்லை.

"அக்கா எங்கே?"

"கோடையில ஓடை வத்தினப்பவே போய்ச் சேர்ந்துட்டா" என்றது பாறை இடுக்கிலிருந்த ஒரு நண்டு. "உனக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?"

வாலாட்டி பாறையில், பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தது. சாரல் அடித்தது. வால் மட்டும் நிற்கவில்லை.

மனசு கேட்காமல் பறவைப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். சாம்பல் வாலாட்டி செப்டம்பர் வாக்கில் தெற்கே வந்து ஏப்ரல் வாக்கில் திரும்புகிறது. ஆண்டில் பாதிக்கு மேல் அது இங்கேதான் இருக்கிறது.